தனி இழையில் அனுப்பவும்

வரிசையில் பதினேழு மடல்கள். பதினாறை முடித்துவிட்டுப் பதினேழாவதுக்கு வரலாம், அதுவரை கண் அந்தப் பக்கம் போகக் கூடாது, கடையம் ஆவுடையப்பன் என்று பெயர் மட்டும் கீழே தெரிகிறது, தெரியட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிப்போன காப்பி, பத்தொன்பது வருஷமாக இதே நேரம் இதே வேலை. வீட்டு மாடியிலும் தோட்டத்திலும் மழைமானி வைத்துக்கொண்டு தினமும் காலை எட்டரைக்கு முந்தின நாள் மழையை அளந்து எழுதுகிற நூற்று முப்பத்திரண்டு பேருக்கு ஒரு மடற்குழு, அதற்கு நான் மட்டுறுத்துநர், அதாவது யார் எது எழுதினாலும் முதலில் என்னிடம் வந்து நிற்கும், நான் போகலாம் என்றால்தான் மற்றவர்களுக்குப் போகும். பூரணவல்லி டீச்சர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் புவியியல் நடத்தியவளை டீச்சர் என்றால் எனக்கு வலிக்கும் என்று நினைப்பு, நினைத்துக்கொள்ளட்டும். முதல் மடல் கோயமுத்தூர் தண்டபாணி. ‘அருமை’. ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குக் கீழே நான்கு நாள் மடல்கள் முழுசாகத் தொங்குகின்றன, எல்லாருடைய கையெழுத்தும் எல்லாருடைய வாழ்த்தும் எல்லாருடைய தொலைபேசி எண்ணும், விரலால் தள்ளித் தள்ளி எனக்குக் கை வலிக்கிறது. ஒரு சொல் சொல்ல வந்த மனுஷன் ஊரையே கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறான். ‘திருப்பு’ பொத்தான், கூடவே நான் எழுதிவைத்த பதில் படிவம் ஒன்று, ‘பழைய மடல்களைக் கத்தரித்துவிட்டு அனுப்பவும்’. இரண்டாவது தஞ்சாவூர் ரெங்கநாதன், பேரனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம், சந்தோஷம், ஆனால் மடலின் தலைப்பு ‘பதில்: மானியில் ஓணான்’. மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் வீட்டு மழைமானிக்குள் ஓணான் விழுந்து அளவு கெட்டுப்போனது, அதைப் பற்றித் தொடங்கிய இழை, ஓணானிலிருந்து வலைக்குப் போய், வலையிலிருந்து கொசுவலைக்குப் போய், அங்கிருந்து டெங்குவுக்கும் நிலவேம்புக் கஷாயத்துக்கும் ஒருவருடைய மைத்துனரின் கண் ஆபரேஷனுக்கும் போய், இருநூற்றுப் பதினொரு மடல், இன்றைக்கு அதில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. திருப்பு, படிவம் மூன்று.

என்ன கேட்கிறேன் இவர்களிடம், மலையைத் தூக்கிவரச் சொன்னேனா. ஒரு விஷயத்தைப் பற்றிய மடல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓர் இழையில் இருக்க வேண்டும், புது விஷயம் பேச வேண்டுமென்றால் புது மடல் தொடங்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். இவர்களுக்கோ குழுவின் முகவரியைத் தட்டச் சோம்பல். கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பழைய மடலைத் திறந்து ‘பதில்’ அழுத்தி, தலைப்பை அழித்து வேறு தலைப்பு எழுதிவிட்டால் புது மடல் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆகாது. இது இன்ன மடலுக்குப் பதில் என்ற குறிப்பு உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், மடல் போய்ப் பழைய இழையிலேயே விழும், சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாலும் ஆள் அதே ஆள்தான் என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறேன். பேச்சு நடுவில் திரும்பினால் புதுத் தலைப்பு எழுதி, அடைப்புக்குள் ‘முன்பு’ என்று போட்டுப் பழைய தலைப்பையும் எழுதுங்கள் என்றேன், சேலம் மாரிமுத்து ஐந்து ‘முன்பு’ போட்டு அனுப்புகிறார், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்று, பரம்பரை பரம்பரையாக. கேலியா மண்டூகத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரிய பெரிய வேலையில் இருந்தவர்கள், செயற்பொறியாளர், வங்கி மேலாளர், ஒருவர் நீதிபதி. நீதிபதியின் மடலுக்குத் தலைப்பே இருக்காது. இவர்கள் தீர்ப்பு எழுதித்தான் யார் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள்.

எட்டு ஐம்பதுக்கு நான் செய்ததில் தப்பு இல்லை. இதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ‘ஞாயிறு மழை அளவு’ என்ற இழையில் ஊர்ப்பெயரும் மில்லிமீட்டரும் மட்டும்தான் வரலாம், அதை அப்படியே எடுத்துத்தான் அட்டவணையில் போடுகிறேன். வரிசையில் மடலின் முதல் வரி மட்டும் தெரியும். ‘கடையம். இன்று அளவு எடுக்கவில்லை.’ தெரிந்தது அவ்வளவுதான். எடுக்கவில்லை என்று சொல்ல ஒரு மடலா, பேசாமல் இருந்தால் கட்டம் தானே காலியாக இருக்கப்போகிறது. அதுவும் ராத்திரி மலையடிவாரம் முழுக்க அடித்து ஊற்றியிருக்கிறது, கடையத்தில் நாற்பதுக்குக் குறையாது, இந்த நாளாகப் பார்த்து மனுஷன் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார் என்று எரிச்சல் வந்தது. வரத்தான் செய்யும். மடலைத் திறக்கவில்லை. திருப்பு, படிவம் மூன்று. ‘இவ்விழைக்குத் தொடர்பில்லாத செய்தியைத் தனி இழையில் அனுப்பவும். பழைய மடலுக்குப் பதில் எழுதித் தலைப்பை மாற்றுவது தனி இழை ஆகாது.’ நான் எழுதிய வாசகம்தான், ஒரு சொல் கூடுதல் இல்லை, எனக்கு அதில் பெருமைகூட உண்டு. ஒன்பது இருபதுக்கு அவரிடமிருந்து இன்னொரு மடல் வந்தது, அதைப் படித்த பிறகுதான் திருப்பி அனுப்பியதை எடுத்துப் பார்த்தேன். அதன் இரண்டாவது வரி, ‘என் மனைவி நேற்று மாலை தவறிவிட்டாள்.’

பார்க்கமாட்டேன் என்றேன், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்றாவது மடலில் மதுரைக்காரர் என்னவோ சொல்கிறார், ஒரு வரியும் ஏறவில்லை, எடுத்துத் தொலைக்கலாம், பதினேழாவது. தலைப்பு, ‘இறப்புச் செய்தி, கடையம்’. ‘மதிப்பிற்குரிய மட்டுறுத்துநர் அம்மா அவர்களுக்கு. மழை அளவு இழையில் வேறு செய்தி எழுதியது என் தவறு, மன்னிக்க வேண்டும். தாங்கள் திருப்பி அனுப்பியபடி தனி மடலாக எழுதியிருக்கிறேன், பழைய மடல் எதுவும் கீழே இல்லை. என் மனைவி பிரமாச்சி நேற்று மாலை ஐந்து மணிக்கு நெஞ்சுவலியில் தவறிவிட்டாள். வயது அறுபத்திரண்டு. பதினான்கு வருஷமாக என் பெயரில் வந்த அளவெல்லாம் அவள் எடுத்தது. எனக்கு அளவுக் கண்ணாடியில் கோடு தெரியாது, அவள் சொல்ல நான் எழுதுவேன். மகன் வர வேண்டியிருப்பதால் இன்று மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம். கடையம் கட்டம் இனிமேல் காலியாக இருக்கும். இப்படிக்கு, ஆவுடையப்பன்.’ பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு மடல் எனக்கு வந்ததில்லை. தலைப்பில் பொருள் இருக்கிறது, ஊர் இருக்கிறது. கீழே வால் இல்லை. ஒரே விஷயம். பழைய இழை எதிலும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது, சோதித்துப் பார்த்தேன், சோதித்துப் பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஒருத்தி செத்துப்போன செய்தியைப் படித்துவிட்டு அது சரியாகத் தனி இழையில் வந்திருக்கிறதா என்று நான் சோதித்துப் பார்த்தேன். அதற்கும் முன்னால் மனசில் வந்தது கடையம் கட்டம்தான். மலையடிவாரத்தில் நம்பி எடுக்கக்கூடிய ஒரே அளவு, போன வருஷக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஆவுடையப்பன் சாரைப் பாருங்கள், ஒரு நாள் தவறியிருக்கிறாரா என்று சொன்னேன். அவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார், கைதட்டலில் கேட்கவில்லை, நானும் உட்காருங்கள் என்று கைகாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனேன்.

புது மடல் தொடங்க அவருக்குத் தெரியாது. அதுதான் நெஞ்சில் சிக்கிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. பதினான்கு வருஷமும் அவர் முந்தின நாள் மடலுக்குப் பதில் அழுத்தித் தேதியை மாற்றித்தான் அனுப்புவார், நானே சலித்துக்கொண்டு, எழுத்தைத் தொடாமல், சரியான இழைக்கு நகர்த்திவிடுவேன், மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி இறங்கிய கைக்கு இவ்வளவுதான் வரும் என்று நினைத்துக்கொள்வேன். அப்படியானால் இன்றைக்கு யாரிடம் கேட்டார். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருப்பார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கியிருக்கும், உள்ளே அவளைக் கிடத்தியிருப்பார்கள், பெண்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், மகன் எங்கே வருகிறான் என்று யாராவது போனில் கேட்டுக்கொண்டிருப்பார்கள், இவர் செல்போனை எடுத்துக்கொண்டு மச்சினனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ போய், புது மெயில் எழுத எங்க அமுக்கணும்வே என்று கேட்டிருக்க வேண்டும். அவர் என்னத்துக்கு இப்ப என்று கேட்டிருப்பார். டீச்சரம்மா திருப்பி அனுப்பிட்டாவ என்று இவர் சொல்லியிருப்பார். சொல்லாமலா இருந்திருப்பார். எட்டு ஐம்பதுக்குத் திருப்பியது போயிருக்கிறது, ஒன்பது இருபதுக்கு இது வந்திருக்கிறது, இடையில் அரை மணி நேரம் அந்த மனுஷன் அழாமல் என் விதியைப் படித்திருக்கிறார். ஏன் கோபம் வரவில்லை இந்த ஆளுக்கு. போடி நீயும் உன் இழையும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மன்னிக்க வேண்டுமாம். கூழைக் கும்பிடு. இப்படிக் கும்பிடு போட்டே என்னைக் கெடுத்தார்கள், நூற்று முப்பத்திரண்டு பேரில் ஒருத்தருக்கும் திருப்பி ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லை, இல்லை, தப்பு, நாகர்கோவில் தங்கையா கேட்பார், அவர் ஒருவர்தான் கேட்பார்.

துஷ்டி வீடுகளை எனக்கு எப்போதும் பிடிக்காது. அப்பா இறந்தபோது தாழையூத்து வீட்டில் கூடியவர்கள் அப்பாவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்கள், பிறகு அப்பாவின் சைக்கிளைப் பற்றி, சைக்கிளிலிருந்து பஸ்ஸுக்குத் தாவி, மேலப்பாளையம் வழியாகப் போகிற பஸ் நிற்குமா நிற்காதா என்று பெரியப்பாவும் இன்னொருவரும் சண்டையே போட்டார்கள், அப்பா தலைமாட்டில் விளக்கோடு அங்கேயே கிடந்தார். ஒவ்வொருத்தரையும் பிடித்து வெளியே தள்ளி, வேறு பேச்சு பேசுவதானால் வேறு வீட்டுக்குப் போங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, காப்பி கொடுத்தேன். அம்மா மட்டும் அந்த பஸ் பேச்சை வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள், நடுவில், அது நிக்கும், எனக்குத் தெரியும், என்றுகூடச் சொன்னாள். அப்பா போய் ஒரு நாள் ஆகவில்லை, பஸ் நிற்கும் என்கிறாள் என்று அவளை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை. அது அவளுக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. இன்றைக்கு யோசிக்கிறேன், நேரம் பார்.

“இன்னும் முடியலயா ஒனக்கு? தோசை ஆறிப்போச்சு.” என் கணவர் தாணுமூர்த்தி அடுக்களை வாசலில் தட்டோடு நிற்கிறார்.

“நீங்க சாப்பிடுங்க. ஒருத்தர் வீட்ல துஷ்டி.”

“யாரு வீட்ல?”

“கடையத்துல. ஆவுடையப்பன்னு.”

“அட, அந்த ஈ.பி. காரரா? நீ பெருமையாச் சொல்லுவியே. யாருக்கு என்னாச்சு?”

“வீட்டுக்காரி. நேத்து சாயங்காலம். மெயில் போட்டிருக்காரு.”

“போன் பண்ணிக் கேட்டியா?”

“மெயில்தானே வந்திருக்கு.”

“மெயில் வந்தா போன் பண்ணக் கூடாதுன்னு சட்டமாட்டி? நல்லாருக்கே. முக்கா மணி நேரந்தான், நேர்லயே போய்ட்டு வந்திரலாம். எத்தன மணிக்கு எடுக்காவளாம்?”

“நாலு மணிக்காம். பாக்கேன், தள்ளுங்க.”

தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இவருக்கு எல்லாம் சுலபம். நேரில் போய் என்னவென்று நிற்பது, அந்த ஆள் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொள்வாரே, சரியா அனுப்பினேனா அம்மா என்று பந்தலில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால். இல்லை, இப்போது பிரச்சினை அது இல்லை, இப்போது பிரச்சினை இந்த மடல். ஒப்புதல் அழுத்தினால் நூற்று முப்பத்திரண்டு பேருக்கும் போகும், முதல் வரியிலேயே தவறு, மன்னிக்க வேண்டும், தாங்கள் திருப்பி அனுப்பியபடி. படித்த உடனே எல்லாருக்கும் விளங்கும். மனைவி செத்த செய்தியைப் பூரணவல்லி டீச்சர் தலைப்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினாளாம். தங்கையா இரண்டு வருஷமாக இதற்குத்தான் காத்திருக்கிறார், மட்டுறுத்தலே வேண்டாம், பெரிய மனுஷர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நடத்துகிறார்கள் என்று அடுத்த மாதக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்குக் கொடுத்திருக்கிறார். தோற்றுவிடுவேன். தோற்றால் காலை ஒன்பதரைக்கு இந்த மேசையில் உட்கார்ந்து என்ன செய்வேன், போன வருஷம் கல்லூரி வேலையும் முடிந்துவிட்டது, யாரும் எதற்கும் என் அனுமதிக்காக நிற்காத ஒரு வீட்டில் தோசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பயமாக இருக்கிறது. இதை எதற்கு மறைக்க வேண்டும், பயமாகத்தான் இருக்கிறது.

மூன்று பொத்தான்கள். ஒப்புதல், திருப்பு, திருத்தி ஒப்புதல். மூன்றாவதை நான் தொட்டதே இல்லை. ஒருவர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியிருக்கிறேன், அதைச் சொல்லும்போது மட்டும் தங்கையாகூடத் தலையாட்டுவார். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த முதல் இரண்டு வரிகள் குழுவுக்கு எழுதியவையே இல்லை, எனக்கு எழுதியவை. குழுவுக்கு வேண்டியது இறப்புச் செய்தி. தேவையில்லாததைக் கத்தரித்துவிட்டுத் தேவையானதை மட்டும் அனுப்புங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான்தானே. அவருக்கும் அது கௌரவம்தான், துக்கத்தில் இருக்கிற மனுஷன் ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். அவருக்காகத்தான். எவ்வளவு வேகமாக வருகிறது பார் நியாயம், பிள்ளைகள் பரீட்சையில் பிட் அடித்துப் பிடிபட்டால் இதைவிட நல்ல காரணம் சொல்வார்கள். திருத்து என்பதை அழுத்தினேன், மன்னிக்க வேண்டும் வரையும் அடுத்த வரியும் நீலமாயின, அழித்தேன், என் மனைவி பிரமாச்சி என்று தொடங்கியது மடல், நன்றாகவே தொடங்கியது, ஒப்புதல். போய்விட்டது.

பத்து நிமிஷத்தில் இரங்கல்கள் வந்து வரிசையில் நின்றன. தண்டபாணி இரண்டு வரி எழுதி அதன்கீழ் மறுபடியும் நான்கு நாள் மடல்களைத் தொங்கவிட்டிருந்தார். ரெங்கநாதன் ஓணான் இழையில் அழுதிருந்தார். மாரிமுத்து ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று எழுதி அடைப்புக்குள் முன்பு போட்டிருந்தார். நீதிபதியின் மடலுக்குத் தலைப்பு இல்லை, தன் மனைவி போன பிறகு காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்றே தெரியாமல் இருந்தது, நீங்கள் எட்டரைக்கு மானி பக்கம் போய் நில்லுங்கள், அளக்காவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தார். எல்லாவற்றையும் விட்டேன், எதையும் திருப்பவில்லை. கடைசியில் தங்கையா. சரியான இழையில், சரியான தலைப்பில், கீழே வால் இல்லாமல். பதினான்கு வருஷ அட்டவணையிலும் கடையத்துக்கு நேரே அந்த அம்மாவின் பெயரைப் போட வேண்டும், மட்டுறுத்துநர் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். எனக்கு ஏன் அது தோன்றவில்லை. இவர்களையெல்லாம் முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன், இவர்கள் மடையர்கள்தான், இப்போதும் சொல்வேன், ஆனால் செத்தவளுடைய புருஷனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு மடையனுக்கும் தெரிந்திருக்கிறது.

தோசையைத் தட்டோடு எடுத்து அடுக்களையில் வைத்துவிட்டு வந்தபோது என் சொந்த முகவரிக்கு ஒரு மடல் வந்திருந்தது. ஆவுடையப்பன். ‘அம்மா, மடல் குழுவில் வந்துவிட்டது, மிக்க நன்றி. நான் எழுதியிருந்த முதல் இரண்டு வரி மட்டும் அதில் இல்லை. அதிலும் ஏதும் பிழை இருந்ததா? சொன்னால் அடுத்த தடவை சரியாக எழுதிக்கொள்வேன்.’ அடுத்த தடவை. எந்த அடுத்த தடவை, இனி யார் இருக்கிறார் அவர் அறிவிப்பதற்கு. மூன்று தடவை படித்தேன், கேலி செய்கிறாரா என்று பார்த்தேன், கேலி செய்தால் நன்றாக இருந்திருக்கும், இல்லை, நிஜமாகவே கேட்கிறார். பந்தலில் உட்கார்ந்துகொண்டு தன் மடலையும் குழுவில் வந்ததையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்திருக்கிறார். போனை எடுத்தேன், உறுப்பினர் படிவத்தில் அவர் எண் இருக்கிறது, பத்து இலக்கத்தில் ஏழு வரை தட்டினேன், வைத்துவிட்டேன். எழுதத் தொடங்கினேன். ஐயா, பிழை என்னுடையது, உங்கள் முதல் மடலை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை, இந்த வரிகளையும் என் மானத்துக்குப் பயந்து நான்தான் வெட்டினேன். படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை, அதை அவர் யாரிடமாவது காட்டுவார், காட்டாவிட்டாலும் அவரிடம் இருக்கும். அழித்தேன். உங்கள் மடலில் பிழை எதுவும் இல்லை ஐயா என்று எழுதினேன். அதுவும் பொய் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டு அனுப்பினேன், என்னைப் போல ஒரு கேவலமான பிறவி இந்த வரிசையில் இதுவரை வந்து நின்றதில்லை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. ‘ரொம்ப நன்றி அம்மா. காலையிலிருந்து அது ஒன்றுதான் மனசில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.’